பத்து மாதம் உறங்கும் கூடு

வானத்திலிருந்து கொட்டுகிற பனியை நான் நேரில் பார்த்ததில்லை. கொடைக்கானலுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அதுவும் சித்திரை மாதத்தில், மலையேற்றத்தில் சட்டை நனைய வேர்த்துக்கொண்டு. ஆனால் ஐரோப்பாவின் வடகோடியில், பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கிற காடுகளில் வாழும் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பற்றி என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் தாத்தா எந்த வருஷம் செத்தார் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பூச்சி எந்த மாதம் முட்டையிடும் என்பது தெரியும்.

வெள்ளைச் சிறகு. ஆணுக்கு மட்டும் சிறகின் நுனியில் ஆரஞ்சு நிறம், யாரோ சாந்தைத் தொட்டு விரலால் இழுவி வைத்த மாதிரி. பனி உருகி ஓக்கு மரங்கள் துளிர்க்கும்போது, காட்டோரத்து ஈரப் புல்வெளியில் அது பறக்க ஆரம்பிக்கும். கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச்செடியின் பூக்காம்பில் முட்டையிடும். ஒரு செடிக்கு ஒரு முட்டைதான். இரண்டு இருந்தால் முந்திப் பொரித்த புழு பிந்தியதைத் தின்றுவிடும். கோடையின் நடுவிலேயே புழு கூடு கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நீண்ட தூக்கம். இலையெல்லாம் உதிர்ந்து, பனி கொட்டி, அடுத்த வசந்தம் வருகிற வரைக்கும், கிட்டத்தட்டப் பத்து மாதம், ஒரு முள்ளைப் போல காம்போடு ஒட்டிக்கொண்டு அந்தக் கூடு உறங்கும். வெளியே பனி விழும். உள்ளே உயிர் இருக்கும்.

இதை நான் பாடமாக நடத்திய இடம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். பங்குனி பிறந்தால் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் பையன்களின் பென்சில் விழுந்தால் விழுந்ததுதான். எங்கள் ஊர்ப்பக்கம் காடு என்றால் பருத்தியும் கம்பும் விதைக்கிற நிலம். ஓக்கு மரக் காடு என்று நான் சொன்னதும், அதில் இந்த வருஷம் பருத்தியா கம்பா என்று ஒருத்தன் எழுந்து கேட்டான். நான் அவனை உட்காரச் சொன்னேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

நான் படித்தது வேதியியல். பூச்சிகளோடு எனக்கு இருந்த பழக்கமெல்லாம் வாடகை வீட்டுக் கரப்பான்களோடு மட்டும்தான்; அந்த உறவும் சுமுகமாக இல்லை. ஆனால் அறுபதுகளின் நடுவில் அந்தப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஒரே வாத்தியார். பூ, பூச்சி, தவளை, காந்தம், கந்தக அமிலம் எல்லாம் என் தலையில்தான். அருப்புக்கோட்டையில் கடை வைத்துச் சம்பாதித்த வியாபாரிகள் சிலர், சொந்த ஊருக்கு ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கமிட்டி வைத்துக் கட்டியது அது. கட்டடம் வந்துவிட்டது. சர்க்காரின் நிரந்தர அங்கீகாரம் மட்டும் வரவில்லை. அது வந்தால்தான் என் வேலையும் நிரந்தரம். அதுவரைக்கும் நானும் காம்பில் ஒட்டிக்கொண்டிருந்த கூடுதான்.

பூச்சி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் ஒருநாள் மதுரைக்குப் போனவர், பழைய சாமான் கடையிலிருந்து துணியில் ஒட்டிய ஒரு பெரிய படத்தைச் சுருட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டுவந்தார். யாரோ வெள்ளைக்காரர் நடத்திய பள்ளிக்கூடத்தில் தொங்கிய படம். முட்டை, புழு, கூடு, பூச்சி என்று அந்த வடகோடிப் பூச்சியின் முழுச் சரித்திரம், பின்னால் பனி மூடிய மரங்களோடு. அதோடு ஒரு இங்கிலீஷ் விளக்கப் புத்தகம். தலைமையாசிரியர் அந்தப் படத்தை ஆய்வுக்கூடத்துச் சுவரில் மாட்டி, தினம் காலையில் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார். நல்ல மனுஷர் அவர். கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆய்வுக்கூடம் என்று நான் சொல்வது ஒரு நீள அறை, இரண்டு மேசை, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலமாரி. அதைத் தினமும் பெருக்கித் துடைத்து வைத்தவர் ஒரு பெண். பள்ளிக்கூடம் முழுவதையும் கூட்டுவது, ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து பானைகளை நிரப்புவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புருஷன் கோயம்புத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போறேன் என்று சொல்லிப் போனவர், போனவர்தான். ஏழு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார், கமிட்டி பார்த்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, கொடுக்காத மாதங்களில் சிரித்துக்கொண்டு. அங்கீகாரம் வந்தால் கூட்டுகிற வேலைக்கு சர்க்கார் போஸ்ட்டு ஒன்று வரும், அது அவருக்குத்தான் என்று தலைமையாசிரியரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவர் பெயரை ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை அந்தப் பெண் என்னிடம் விசாரிப்பார். இழுப்பறையை நான் திறந்து பார்க்க முடியுமா? இருக்கிறது என்று சொல்வேன்.

ஆய்வுக்கூடத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லாதபோது அவரை அக்கா என்று கூப்பிடுவேன். தலைமையாசிரியரோ கமிட்டிக்காரர்களோ வந்துவிட்டால் 'இந்தாம்மா' ஆகிவிடும். நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை. காலடிச் சத்தம் கேட்டால் நாக்கு தானாகப் புரண்டுவிடும். அவர் அதைக் கவனித்து வைத்திருந்தார்.

"சாருக்கு ரெண்டு நாக்கு. ஒண்ணு ரூமுக்குள்ள இருக்கு, ஒண்ணு வராந்தாவுல இருக்கு" என்பார். நானும் சிரிப்பேன். கேலி செய்தால் கோபித்துக்கொள்கிற ஜாதி இல்லை நான். என்னையே நான் கேலி செய்து முடித்துவிடுவதால் அடுத்தவர்களுக்கு வேலை மிச்சம்.

அங்கீகாரத்துக்கு ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தது. என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் வந்தது. அதில் ஒரு வரி: வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுற்று, மாதிரிகளுடன்.

நான் தலைமையாசிரியரிடம் போய், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எருக்கஞ்செடியில் நம் ஊர்ப் பூச்சியே இருக்கிறது, அதையே முட்டையிலிருந்து வைத்துவிடலாம் என்று சொன்னேன். நான் உருப்படியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அவர் முகம் சுருங்கிவிட்டது. சுவரில் சீமைப் படம் தொங்குகிறது, அதற்குக் கீழே எருக்கஞ்செடிப் புழுவை வைத்தால் வருகிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார். படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பெட்டியிலும் இருக்க வேண்டும். எப்படியாவது செய்யுங்கள் தம்பி என்றார்.

எப்படியாவது என்றால் அந்தப் பெண்ணிடம் கேட்பது என்று அர்த்தம். சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். எந்தச் செடியில் எந்தப் புழு, எந்தப் புழு எந்தப் பூச்சி என்று அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இல்லை. படத்தைக் கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். வெள்ளைச் சிறகு, நுனியில் ஆரஞ்சு. இது நம்ம விழுதிச் செடியில் கிடக்கிற பூச்சி மாதிரியல்லவா இருக்கிறது என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் முந்தானைத் தலைப்பில் முடிந்து இரண்டு கொண்டுவந்தார். படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பூச்சி இல்லை என்று சாதிக்கலாம். சொந்தம் இல்லை என்று சொல்லவே முடியாது. வடகோடிக் காட்டுக்கும் எங்கள் ஓடைக்கரை விழுதிப் புதருக்கும் ஏதோ பழைய கொள்வினை கொடுப்பினை இருந்திருக்க வேண்டும்.

பெட்டி தயாரானது. அருப்புக்கோட்டையில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்காரரிடம் சொல்லிக் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி செய்து வாங்கினேன். உள்ளே பனிக்குப் பஞ்சு. பஞ்சுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஓக்கு மரத்துக்கு வேலிக்கருவையின் ஒரு குச்சி. முட்டைகளுக்குக் கேழ்வரகு. ஸ்பிரிட்டில் போட்ட புழு ஒன்று, சின்னக் கண்ணாடிக் குப்பியில். மேலே ஊசியில் குத்திய வெள்ளைப் பூச்சி. எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்தில் சீட்டு. என் கையெழுத்து நன்றாக இருக்கும். என்னிடம் நன்றாக இருந்த ஒன்றிரண்டில் அது ஒன்று.

கூட்டில்தான் சிக்கல். விழுதிக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து, இதுதான் அந்த வெள்ளைப் பூச்சியின் கூடு என்று அந்தப் பெண் காட்டினார். எங்கே என்று கேட்டேன். உங்க மூக்குக்கு நேராத்தான் இருக்கு என்றார். முள் மாதிரி இருந்தது. விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, ஆய்வாளர் வயதானவர், அவர் கண்ணில் பட வேண்டாமா, கொஞ்சம் பெரியதாக, பார்வையாக ஒன்று வைக்கக்கூடாதா என்றார்.

பார்வையாக ஒன்று எருக்கஞ்செடியில் இருந்தது. இலைக்கு அடியில் தொங்குகிற பச்சைக் கூடு. வெளிர்ப் பச்சையில் மெழுகு போல ஒரு வழவழப்பு. மேலே சின்னச் சின்னதாகத் தங்கப் பொட்டு. செவ்வாய்க்கிழமை காலையில் புழு தலைகீழாகத் தொங்கிக் கூடு கட்டி முடித்ததை அந்தப் பெண் பார்த்துவிட்டு வந்து, காம்போடு ஒடித்துக்கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இவ்வளவு தங்கத்தை நான் என் கையில் அதுவரை வைத்துப் பார்த்ததில்லை.

"இது வேற சார். எருக்கம்பூச்சி. செங்காமட்டி நெறத்துல வரும்" என்றார்.

"கூட்டுக்குள்ள எட்டிப் பாத்து யாருக்கா நெறம் கேக்கப் போறா" என்றேன் நான்.

ஸ்பிரிட்டில் போட்டுவிடலாமா என்று பார்த்தோம். முந்தின வாரம் ஒன்றைப் போட்டுப் பார்த்ததில் பச்சையும் தங்கமும் போய் அவித்த அவரைக்காய் மாதிரி ஆகிவிட்டிருந்தது. உயிரோடு வைத்தால்தான் அழகு. அவர் விரலை மடக்கி எண்ணினார். எட்டு நாள், மிஞ்சினால் ஒன்பது, அப்புறம் பொறந்துவிடும். ஆய்வாளர் வருவதாகச் சொல்லியிருந்தது அடுத்த திங்கள்கிழமை. ஆறு நாள். போதும். அவர் ஒப்புக்கொண்டார். நான் கூட்டைக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குக் கீழே சீட்டில் எழுதினேன்: 'இந்நிலையில் பத்து மாதங்கள் பனியில் உறங்கும்.' தலைமையாசிரியர் வந்து பார்த்தார், படித்தார், பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பூணூலில் கட்டிக்கொள்ளாத குறையாக இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். அவருக்குப் பூணூல் கிடையாது என்பதால் இடுப்பு.

திங்கள்கிழமை ஆய்வாளர் வரவில்லை. ஜீப் கிடைக்கவில்லையாம். புதன்கிழமை வருகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தார்.

புதன்கிழமை காலையில் நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று, ஆய்வாளருக்குக் கும்பிடு போடுவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாகக் குனிந்தால் அடிமை மாதிரி இருக்கிறது, குனியாவிட்டால் திமிர் மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் துடைப்பத்தோடு வேகமாக வந்தார். சிரிப்பில்லை.

"சார், கூடு கறுத்துப்போச்சு. கண்ணாடி வழியா ரெக்க நெறம் தெரியுது. வெயில் ஏறவும் பொறந்துரும். சாவிய வாங்கியாங்க, நான் வேற கொண்டாந்து வச்சிருதேன். எருக்கஞ்செடி பின்னாடிதான இருக்கு."

கறுத்தால் என்ன அக்கா, நானும்தான் கறுப்பு என்றேன். அவர் சிரிக்காமல் நின்றார். சரி என்று தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் ரோஜா மாலையின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சாவி தெரிந்தது. சாவியைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார். கூடு உயிரோடு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது வேறு பூச்சியின் கூடு என்று சொல்ல வேண்டும். அது அவருக்குத் தெரியாது. பார்வையான கூடு என்று அவர் கேட்டார், நான் கொடுத்தேன், எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை.

என்ன தம்பி என்றார்.

மாலை நன்றாக இருக்கிறது சார் என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பெண் தூரத்தில் நின்று என் கையைப் பார்த்தார். கையில் சாவி இல்லை. எத்தனையோ நகைச்சுவை சொல்லியிருக்கிறேன். அந்த மாலையைப் பற்றிச் சொன்னதுதான் நான் சொன்னதிலேயே மோசமானது.

பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குடை வைத்திருந்தார், சாவகாசமாகப் பேசினார். கும்பிடு போடுவதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டார். பதிவேடுகள் பார்த்து, வகுப்புகள் பார்த்து, சர்பத் குடித்து, ஆய்வுக்கூடத்துக்கு வரும்போது வெயில் அலமாரியின் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அந்தப் பெண் குடிக்கத் தண்ணீர்ச் செம்போடு வாசலில் வந்து நின்றார். ஆக அறையில் நாங்கள் நாலு பேர்.

ஆய்வாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். கையெழுத்து நல்லா இருக்கே என்றார். நான் தரையைப் பார்த்து வெட்கப்பட்டேன். 'இந்நிலையில் பத்து மாதங்கள்' என்று அவர் படிக்கத் தொடங்கியபோது கூடு லேசாக ஆடியது. 'பனியில் உறங்கும்' என்று முடிப்பதற்குள் அடியில் ஒரு கீறல் விட்டது.

ஒரு தலை வந்தது. கால்கள் வந்து, வெறுங்கூட்டைப் பிடித்துக்கொண்டன. நனைந்து சுருங்கிய துணி மாதிரி சிறகு. செங்கல் தூள் போன்ற செங்காமட்டி நிறம். ஓரத்தில் கறுப்பு, கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளி. அதற்கு ஒரு விரல் தூரத்தில், ஊசியில் குத்தப்பட்டு, அதன் அப்பன் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த வெள்ளைப் பூச்சி.

"இது நம்ம எருக்கம்பூச்சில்லா?" என்றார் ஆய்வாளர். கோபமாகவே சொல்லவில்லை. "பத்து மாசம் அதுக்குள்ள ஆயிட்டோ?"

தலைமையாசிரியர் முகம் வெந்துபோனது. அவர் அந்தப் பூச்சியைப் பார்த்தார், சுவரில் தொங்கிய சீமைப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் இதை இதற்குள் வைத்தது என்றார். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்கிற வாய் எனக்கு. ஊரில் அதற்குப் பெயரே உண்டு. அன்று அதில் எச்சில்கூட இல்லை. தலைமையாசிரியரே ஆய்வாளரிடம் சொன்னார்: கூட்டுகிற பொம்பளை, தூசி தட்டுகிறேன் என்று எதையாவது எடுத்து மாற்றி வைத்திருக்கும், படிக்காத ஜனம்.

சாவி ஒரு வாரமாக அவர் இடுப்பில் இருந்தது. அது அவருக்கே அப்போது தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியா என்று ஆய்வாளர் என்னிடம் கேட்டார். சும்மாதான் கேட்டார். இல்லை சார், நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சிரிப்பு சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம்; சிரித்துக்கொண்டு சொல்வதுதான் என் தொழில். நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"இந்தாம்மா, ஒன்ன யாரு இதெல்லாம் தொடச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். வராந்தா நாக்கைப் பற்றி ஏதாவது சொல்வார் என்றுகூட ஒரு கணம் எதிர்பார்த்தேன். செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆய்வாளரிடம் சொன்னார்:

"தெரியாம வச்சுப்புட்டேன்யா."

ஆய்வாளர் சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம். அவர் கையிலிருந்து செம்பை வாங்கி ஆய்வாளர் தண்ணீர் குடித்தார். தலைமையாசிரியர் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பூச்சி கூட்டிலிருந்து வெளிவந்ததும் சிறகைத் தொங்கவிட்டு விரிக்க இடம் வேண்டும். விரியாமல் காய்ந்துவிட்டால் அப்படியே நின்றுவிடும். இது இங்கிலீஷ் புத்தகத்திலும் இருக்கிறது; அந்தப் பெண்ணும் என்னிடம் சொல்லியிருக்கிறார். பெட்டியின் உயரம் நாலு விரல். மறுநாள் அலமாரிக்கு வெளியே நின்று பார்த்தேன். மடங்கிய சிறகோடு அது பஞ்சின் மேல் நடந்துகொண்டிருந்தது, பனியில் நடக்கிற மாதிரி. அதற்கு அடுத்த நாள் நடக்கவில்லை.

அந்தப் பெண்ணை அந்த வாரத்தோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வாளர் முன்னால் பள்ளிக்கூடத்துக்கு அவமானம் தேடிக்கொடுத்தவரை வைத்துக்கொள்ள முடியாது என்று கமிட்டியில் பேச்சாம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் ஆய்வுக்கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் உட்கார்ந்து எதையோ எழுதுவது போல எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் இழுப்பறையில் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நானும் அக்கா என்று கூப்பிடவில்லை. அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

அடுத்த மழைக்கு முன்னால் அங்கீகாரம் வந்தது. ஆய்வாளர் அறிக்கையின் நகலும் வந்தது. என் கையெழுத்து நன்றாக இருந்த பாவத்துக்கு, கமிட்டிக்கு இன்னொரு பிரதி எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொரு வரியாக எழுதினேன். கழிப்பறை போதாது என்று இருந்தது. நூலகத்தில் புத்தகம் குறைவு என்று இருந்தது. அறிவியல் மாதிரிகள் திருப்தி என்று இருந்தது. எருக்கம்பூச்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிரித்தாரே, அதோடு அவர் மறந்துவிட்டார். நான்தான் வைத்தேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார்.

கூட்டுகிற போஸ்ட்டுக்குக் கமிட்டியில் ஒருவருக்கு வேண்டிய ஆள் வந்தார். மணி அடிப்பதைத் தவிர வேறு எதற்கும் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. என் வேலை நிரந்தரமானது. ஒரு செடிக்கு ஒரு முட்டைதான் என்று அடுத்த வருஷம் பாடம் நடத்தும்போது, அந்த வரியை வேகமாகத் தாண்டிப் போனேன். ஏன் ஒன்றுதான் என்று ஒரு பையன் கேட்டான். பரீட்சைக்கு வராது என்று சொன்னேன்.

ஒருதடவை அந்தப் பெண்ணின் தெருவுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன தமாஷாகப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். வீடு பூட்டியிருந்தது. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பூட்டைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் ஒரு வருஷம், கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்துக்காக எம்.ரெட்டியபட்டி போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பருத்திக்காடு. அங்கே மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள்; முதுகில் டப்பா கட்டிய இரண்டு பேர், அவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்கும் பெண்கள். காற்று திரும்பியபோது தொண்டை கசந்தது. வரப்பில் குடத்தோடு ஏறி வந்த பெண்ணின் நடை எனக்குத் தெரிந்த நடை.

அக்கா என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ரோட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; அவர் நடந்துகொண்டே இருந்தார். அப்புறம், எனக்கே தெரியாமல், நாக்கு புரண்டது.

"இந்தாம்மா."

நின்றார். திரும்பினார். அடையாளம் தெரிந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

நல்லா இருக்கீகளா என்று கேட்டார். வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். தலைமையாசிரியரைப் பற்றிக் கேட்டார். ரிட்டயராகிவிட்டார், நான்தான் இப்போது உதவித் தலைமையாசிரியர் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, ஆள் இல்லாத ஊரில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள் என்று வழக்கம் போல ஒரு கேலியையும் சேர்த்துக்கொண்டேன். அவர் லேசாகச் சிரித்தார். எங்கே போனாலும் எனக்குத் தண்ணிதான் சார், அங்கே பானைக்கு, இங்கே மருந்துக்கு என்றார். புழுவெல்லாம் சாகுதா என்று கேட்டேன். எல்லாந்தான் சாகுது என்றார்.

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. கேட்க வேண்டியதைக் கேட்க எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நான் அதை என் செருப்பைப் பார்த்துச் செலவழித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் கேட்டார்.

"அந்தப் பொட்டி இருக்கா சார்?"

"இருக்கு."

"கூட்டுக்கு என்ன வச்சிருக்கீக?"

"மெழுகு. உருட்டிப் பச்சை அடிச்சு வச்சிருக்கேன். தங்கப் பொட்டும் வச்சிருக்கேன்."

அவர் தலையசைத்தார்.

"அப்பச் சரி. மெழுகுன்னா பொறக்காது" என்றார்.

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். மருந்தடிக்கிறவர்களில் ஒருவர் தண்ணீர் எங்கே என்று சத்தம் போட்டார். இந்தா வாரேன் என்று அவரும் சத்தமாகவே பதில் சொன்னார். நான் பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்கம் தெரியாத ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தேன்.